ஏழாம் கட்டத்துப் படகுக்காரன்

என் கணவரின் நாற்பத்தெட்டாவது பிறந்தநாளுக்கு நான் கொடுத்த பரிசு ஒரு துண்டுச் சீட்டு. அதில் எழுத்தும் எண்ணுமாகப் பதினாறு இலக்கம் எழுதியிருந்தேன். உறையைப் பிரித்தவர் சீட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, பார்சல் நம்பரா?" என்றார். லேப்டாப்பை அவர் முன்னால் நகர்த்தி, சீட்டில் இருப்பதை ஒவ்வொன்றாக அடிக்கச் சொன்னேன். ஒற்றை விரலால் அடித்தார். திரை கறுத்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. "வாங்கினதே பழுது போல" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் கொசு பாடுவது போல மெல்லிசாக ஓர் இசை கிளம்பியது. மனிதர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தே விட்டார். "விளக்கு மாமா!" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

விளக்கு மாமா என்பது அந்த விளையாட்டின் உண்மையான பெயர் இல்லை. ஆங்கிலத்தில் வாயில் நுழையாத ஏதோ ஒரு பெயர். இது இவர் படித்த பள்ளியில் பிள்ளைகள் வைத்தது. தலையில் தொப்பியும் கையில் விளக்குமாக ஒரு குள்ள மனிதன் ஒன்பது அடுக்குச் சுரங்கத்தில் இறங்கிக்கொண்டே போக வேண்டும். எண்ணெய் தீர்வதற்குள் அடுத்த எண்ணெய்க் குடத்தைப் பிடித்துவிட வேண்டும். வௌவால் இடித்தால் எண்ணெய் சிந்தும். இவ்வளவுதான் சங்கதி. ஆனால் கல்யாணமாகி இந்த இருபது வருடத்தில் எதைப் பார்த்தாலும், "நல்லாத்தான் இருக்கு, ஆனா விளக்கு மாமா மாதிரி வருமா" என்று இவர் சொல்லாத நாள் குறைவு. புது வீட்டுக்குக் குடி வந்தபோது சொன்னார். கல்யாணமான புதிதில் கடற்கரைக்குப் போய் இரண்டு பேருமாக நின்று சூரியன் மறைவதைப் பார்த்தோமே, அப்போதும் சொன்னார். அன்றிலிருந்தே அந்த மாமாவின் மேல் எனக்கு ஒரு கண்.

நான் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். லென்ஸைத் தேய்த்து, ஓரம் வெட்டி, ஃபிரேமில் உட்கார வைப்பது என் வேலை. கடைக்கு வந்த ஒருவர்தான், பழைய காலத்துக் கம்ப்யூட்டர் விளையாட்டுகளை இன்றைய கம்ப்யூட்டரில் ஓடுகிற மாதிரி மறுபடி வெளியிடுகிறார்கள் என்று பேச்சுவாக்கில் சொன்னார். அவருடைய கண்ணாடியை இரண்டு நாள் முன்கூட்டியே முடித்துக் கொடுத்து, எங்கே எப்படி வாங்குவது என்று எழுதி வாங்கிக்கொண்டேன்.

அந்தப் பிறந்தநாள் ஞாயிறு முழுக்க எங்கள் வீட்டில் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் இருந்தான். திரையில் ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாம் புது மெருகோடு தெரியும்; மறுபடி அழுத்தினால் பழையபடி புள்ளி புள்ளியாக மாறிவிடும். புது மெருகில் மாமாவுக்கு மீசை வைத்திருந்தார்கள். "மாமாவுக்கு ஏது மீசை? யார கேட்டு வச்சாங்க?" என்று இவர் கொதித்துப்போய்ப் பழைய புள்ளிகளுக்கே திரும்பிவிட்டார். முதல் அடுக்கில் நான்கு முறை செத்தார். இரண்டாம் அடுக்கில் விரல்களுக்கு ஞாபகம் வந்துவிட்டது. வௌவால் எந்த மூலையிலிருந்து வரும், எந்த எண்ணெய்க் குடம் ஏமாற்றுக் குடம் என்று இவர் முன்கூட்டியே சொல்ல, அது அப்படியே நடந்தது. நான் சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கை தட்டினேன். மாலைக்குள் ஐந்தாவது அடுக்கின் கதவுக்கு வந்துவிட்டார். அங்கே நிறுத்திவிட்டு, "போதும், கண்ணு வலிக்குது" என்று லேப்டாப்பை மூடினார்.

மறுநாளும் ஐந்தாவது கதவோடு நிறுத்தினார். அதற்கு மறுநாளும் அப்படியே. எல்லாம் முடிந்து கதவு திறந்து நிற்கிறது. உள்ளே நுழைய வேண்டியதுதான் பாக்கி. இவரோ முதலிலிருந்து ஆரம்பிப்பார். "ஏன், ஆறாவது லெவலுக்குப் போனா யாராவது அடிப்பாங்களா?" என்று கேட்டேன். "அவசரம் என்ன இப்ப?" என்றார். குரலில் சுரத்தே இல்லை.

இவரைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். கடைகளில் உள்ள தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துகிற அலுவலகத்தில் இவருக்கு வேலை. வெல்வெட் துணி வைத்த மரப்பெட்டியில் எடைக்கற்களை அடுக்கி எடுத்துப் போவார். விரலின் பிசுக்குப் பட்டால்கூட எடை கூடிவிடும் என்று இடுக்கியால்தான் எடுப்பார். ஐந்து கிராம் குறைந்தால் மாமனாராக இருந்தாலும் கடையைப் பூட்டுவார். பொய் என்பது அந்த வாயில் வராது. ஒருமுறை விடுப்புக் கடிதத்தில், "உடல்நலம் நன்றாக உள்ளது. மழை பெய்வதால் வீட்டில் இருக்க விரும்புகிறேன்" என்று எழுதி அனுப்பிய ஆள். இந்த உடை எனக்கு நன்றாக இருக்கிறதா என்று இவரிடம் கேட்பதை நான் எப்போதோ நிறுத்திவிட்டேன்.

அந்த வாரம் எனக்கு ஒரு நாள் விடுமுறை வந்தது. சும்மா இருக்க முடியாமல் நானே விளையாடிப் பார்த்தேன். காலையில் உட்கார்ந்தவள் மதியம் சாப்பிட எழுந்திருக்கவில்லை. தினமும் மில்லிமீட்டரில் வேலை செய்கிற கை, வௌவாலிடமிருந்து மயிரிழையில் தப்பிக்க நன்றாகவே உதவியது. ஆறாவது அடுக்கு, ஏழாவது அடுக்கு என்று இறங்கிவிட்டேன். ஒன்பதையும் முடித்தேன். கடைசியில் என்ன வந்தது தெரியுமா? கறுப்புத் திரையில் 'வாழ்த்துகள்' என்று ஒரு வார்த்தை. பிறகு மறுபடி முதல் அடுக்கு. இதற்கா இந்தப் பாடு என்று ஆகிவிட்டது. இவர் வேலையிலிருந்து வந்ததும் வாசலிலேயே சொன்னேன்: "நான் முடிச்சுட்டேன்! ஆறு, ஏழு, எட்டு எல்லாம் அதே செங்கல்தான், கலர் மட்டும் வேற." செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். "ஏழாவதுல ஒண்ணுமே இல்லையா?" என்று கேட்டார். "ரெண்டு வௌவால் அதிகம், அவ்வளவுதான்" என்றேன்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது, சிரிக்கலாமே என்று ஒரு விஷயம் படித்துக் காட்டினேன். விளையாட்டை விற்கிற பக்கத்தின் கீழே வாங்கியவர்கள் கருத்து எழுதுவார்கள். அதில் ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். 'ஏழாவது கட்டத்தில் இருந்த படகுக்காரன் எங்கே? மறுபதிப்பு என்று சொல்லிவிட்டு அவனை வெட்டி எறிந்தது யார்? அவனுக்காகத்தான் இதை வாங்கினேன். உடனே திருப்பிச் சேர்க்கவும்.' கம்பெனி மிகவும் மரியாதையாக, மூலத்தில் அப்படி ஒரு கட்டமே இல்லை என்று பதில் போட்டிருந்தது. அவர் விடவில்லை. 'என் கையால் அந்தத் துடுப்பைப் பிடித்திருக்கிறேன். என்னிடமே இல்லை என்கிறீர்களா?' அதற்குக் கீழே எழுபதுக்கு மேல் பதில்கள். எல்லாம் இளவட்டங்கள். 'அங்கிள், மாத்திரை போட்டீர்களா' என்று ஒருவன். படகுக்காரனுக்குக் கண்ணீர் அஞ்சலி என்று படம் வரைந்து போட்டிருந்தான் இன்னொருவன். அந்த மனிதரும் சளைக்காமல் ஒவ்வொருவருக்கும் பதில் எழுதியிருந்தார்.

"பேரு கூட ஒரு தினுசா வச்சிருக்காரு பாருங்க. இங்கிலீஷ் எழுத்துல குண்டூசின்னு" என்றேன்.

இவர் கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"அப்படி ஒரு லெவலே கிடையாது" என்றார்.

"அதத்தான கம்பெனிக்காரனும் சொல்றான்."

"அவன் சொல்றது வேற, நான் சொல்றது வேற. அந்தப் படகுக்காரன நான்தான் செஞ்சேன்."

பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். பள்ளியில் கம்ப்யூட்டர் அறை ஒன்று இருந்தது. தூசி கூடாது என்று செருப்பை வெளியே விட்டுவிட்டு, ஒரு நேரத்தில் நான்கு பேர்தான் உள்ளே போகலாம். வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் ஆளுக்குப் பதினைந்து நிமிடம் விளையாட விடுவார்கள். அதற்குமேல் ஒரு நொடி கூடாது, வாத்தியார் கைமணியை ஆட்டிவிடுவார். மற்றவர்கள் வெளியே வராந்தாவில் காத்திருக்க வேண்டும். ஜன்னலுக்குக் காகிதம் ஒட்டியிருந்ததால் இசை மட்டும் கேட்கும், திரை தெரியாது. விட்ட இடத்திலிருந்து தொடருகிற வசதியெல்லாம் அப்போது கிடையாது. பதினைந்து நிமிடத்தில் எவ்வளவு கெட்டிக்காரனாலும் ஐந்தாவது கதவுவரைதான் போக முடியும். இவர்தான் அந்தக் கெட்டிக்காரன். வெளியே வந்ததும் எல்லோரும் சூழ்ந்துகொள்வார்கள். அடுத்து என்ன, அடுத்து என்ன என்று பிடுங்குவார்கள். இரண்டு வாரம் உண்மையைச் சொன்னார். மூன்றாவது வாரம் வாய் முந்திக்கொண்டது.

"ஏழாவதுல ஒரு படகுக்காரன் நிக்கிறான்னு சொல்லிட்டேன். காசு வேணாங்கறான், எண்ணெய் வேணாங்கறான். பொறந்ததுலேருந்து இந்தச் சுரங்கத்துக்குள்ளயே கெடக்கறேன், ஒரே ஒரு தடவ மேல போயி வெயில பாத்துட்டு வர்றேன், அதுவரைக்கும் என் துடுப்பப் பிடிச்சுக்கோங்கறான். விட்டா படகு போயிடும். பதினஞ்சு நிமிஷம் பிடிச்சுக்கிட்டே நிக்கணும்."

"பதினஞ்சு நிமிஷமா?"

"அதுதான் என் கெட்டிக்காரத்தனம். பதினஞ்சு நிமிஷத்துக்கு மணி அடிச்சிடும். யாருமே பாக்க முடியாதுல்ல? அவன் திரும்பி வந்தானான்னு எல்லாரும் கேட்டாங்க. மணி அடிச்சுட்டாங்கன்னு சொல்லிட்டேன். என் கூடப் படிச்ச குண்டூசிக்கு மட்டும் பொறுக்கல. என் டைமையும் நீயே எடுத்துக்க, அவன் வந்தானான்னு பாத்துச் சொல்லுடான்னான்."

அடுத்த வெள்ளிக்கிழமை இவர் இரண்டு பேர் நேரத்தையும் சேர்த்து உள்ளேயே உட்கார்ந்து, இரண்டு முறை ஐந்தாவது கதவுவரை விளையாடிவிட்டு வெளியே வந்தார். குண்டூசி செருப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். "வந்துட்டான்" என்றார் இவர். அன்று குண்டூசி சந்தோஷத்தில் குதித்ததைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்ல இவருக்கு மனம் வரவில்லை. அதற்கப்புறம் எட்டாவதும் ஒன்பதாவதும் தெரிய வேண்டுமே. அந்த வருடம் முழுக்கத் தன் முறையை அவன் இவருக்கே கொடுத்தான். ஒரு வெள்ளிக்கிழமைகூட அவன் உட்கார்ந்து விளையாடவில்லை.

நான் சிரித்த சிரிப்பில் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஐந்து கிராமுக்குக் கடையைப் பூட்டுகிறவர், ஒரு முழுக் கட்டத்தையே இட்டுக்கட்டி முப்பத்தைந்து வருடம் விற்றிருக்கிறாரே! ஆனால் இவர் சிரிக்கவில்லை. "எழுபது பேரு சேந்து அவன லூசுங்கறாங்க. பொய் சொன்னது நான். திட்டு வாங்கறது அவன்" என்றார். அதற்குமேல் எனக்கும் சிரிப்பு வரவில்லை.

மூன்று நாள் உட்கார்ந்து ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினார். படித்துப் பார்த்தேன். 'மேற்படி ஏழாம் கட்டம் என்னால் எவ்வித ஆதாரமுமின்றிப் புனையப்பட்டது என்பதை இதன்மூலம் உறுதி செய்கிறேன்' என்று ஆரம்பித்தது. "கீழ முத்திரையும் குத்திடுங்க" என்றேன். கடிதத்தைக் கிழித்துவிட்டு, தனிச் செய்தியாக இரண்டே வரி அனுப்பினார்: 'குண்டூசி, நான் ஒட்டடைக்குச்சி. படகுக்காரனைப் பற்றி உன்னிடம் பேச வேண்டும்.' அதுதான் பள்ளியில் இவருடைய பட்டப்பெயராம். இப்போது வயிற்றைப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

நான்கு நிமிடத்தில் பதில் வந்துவிட்டது. 'டேய்! சனிக்கிழமை உன் வீட்டுக்கு வர்றேன். முகவரி அனுப்பு.' அதோடு விட்டாரா அந்த மனிதர்? எழுபது பேர் கிண்டல் செய்கிற அதே பக்கத்தில் கொட்டை எழுத்தில் அறிவித்துவிட்டார்: 'சாட்சி கிடைத்துவிட்டது. அந்தக் கட்டத்தைத் தாண்டியவனே என் நண்பன். எல்லாரும் காத்திருங்கள்.' இவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை என்பது இதுதான்.

சனிக்கிழமை பத்து மணிக்கு அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால், வாசலை அடைத்துக்கொண்டு ஒரு மனிதர் நின்றார். குண்டூசியாம்! ஒரு கையில் பழப்பை, முகத்தில் வாய் கொள்ளாத சிரிப்பு, மூக்கில் ஒரு பக்கக் காலை நூலால் கட்டிய கண்ணாடி. "தங்கச்சி, அவன் எங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய் இவரைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். இரண்டு பேரும் ஒருவர் வயிற்றை ஒருவர் தட்டிப் பார்த்துக்கொண்டார்கள். என் கண்ணுக்கு நூல் கட்டிய கண்ணாடி பொறுக்கவில்லை. வாங்கிக்கொண்டுபோய், பையில் வைத்திருக்கும் சின்னத் திருகாணி ஒன்றைப் போட்டு முறுக்கத் தொடங்கினேன்.

இவர் மூன்று முறை வாயைத் திறந்தார். மூன்று முறையும் குண்டூசி அண்ணன் முந்திக்கொண்டார். குழந்தைகள் மருத்துவமனையில் அவருக்கு வேலை. ஆபரேஷனுக்குப் போகிற பிள்ளைகளைத் தள்ளுகட்டிலில் படுக்கவைத்து வார்டிலிருந்து தியேட்டர்வரை தள்ளிக்கொண்டு போக வேண்டும். நீளமான வராந்தா, நடுவில் ஒரு லிஃப்ட். பிள்ளைகள் பயத்தில் அழும். "இருபது வருஷமா அந்த வராந்தாவுல நான் சொல்றது படகுக்காரன் கததான். லிஃப்ட் கதவு மூடறப்ப துடுப்பப் பிடிச்சுக்கன்னு கட்டிலோட கம்பிய பிடிச்சுக்கச் சொல்லுவேன். தியேட்டர் வாசல்ல எல்லாப் பிள்ளையும் ஒரே கேள்விதான் கேக்கும். அவன் திரும்பி வந்தானா? வந்தான்டா கண்ணு, என் சிநேகிதன் கண்ணால பாத்தான்னு சொல்லுவேன். அப்படியே சிரிச்சுக்கிட்டு உள்ள போகும்."

நான் திருகாணியை முறுக்குவதை நிறுத்திவிட்டேன். இவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

"இப்ப ஒரு பொண்ணு வந்திருக்கா, எட்டு வயசு, வாயாடி. வியாழக்கிழமை டான்சில் ஆபரேஷன். சும்மா சொல்றீங்க மாமா, காட்டுங்க பாப்போங்கறா. காட்டுனாத்தான் உள்ள போவாளாம். அதுக்குத்தான்டா வாங்கினேன் இத. ஏழாவது வரைக்கும் என் மகன் விளையாடிக் குடுத்தான். பாத்தா படகையே காணோம்!"

"குண்டூசி" என்றார் இவர். சோதனைக்குப் போன இடத்தில் கடைக்காரரிடம் பேசும் குரலில், நேராக உட்கார்ந்துகொண்டு, ஒரு கிராம் கூட்டாமல் குறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார்.

அண்ணன் தன் வலது கையை விரித்துப் பார்த்தார். "அப்ப நான் பிடிச்சது?" என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே பிடித்ததாக நினைத்திருந்தார். இருபது வருடம் சொல்லிச் சொல்லி, துடுப்பு அவர் கைக்கே வந்துவிட்டது. பிறகு முகம் சிவந்தது. "ஒரு வருஷம்டா. ஒரு வருஷம் செருப்புக்குக் காவல் இருந்தேன்டா நான்!" இவர், "தெரியும்" என்றார். "அந்தப் பாப்பாகிட்ட நான் என்னடா சொல்லுவேன்?" என்று அவர் கேட்டபோது குரல் உடைந்துவிட்டது. ஐந்து நாளில் வியாழக்கிழமை வந்து நிற்கிறது. எனக்கு இரண்டு பேரையும் பார்க்கப் பாவமாக இருந்தது.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. விளையாட்டை முடித்த பிறகும் விடாமல் அதைக் குடைந்துகொண்டிருந்தவள் நான் ஒருத்திதானே. பட்டியலில் கடைசியாக ஒரு வசதி இருக்கிறது, சொந்தமாகக் கட்டம் கட்டிக்கொள்ள. செங்கல், படி, தண்ணீர், கதவு எல்லாம் ஓரமாக அடுக்கி வைத்திருப்பார்கள். எடுத்து எடுத்து வைக்க வேண்டியதுதான். "படகுக்காரன் இல்லன்னா என்ன, கட்டிடலாம்" என்றேன். இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தச் சனியும் ஞாயிறும் எங்கள் வீட்டில் அடுப்பு அரைகுறையாகத்தான் எரிந்தது. நான் புள்ளிகளில் படகுக்காரனை வரைந்தேன். உயரம் பதினெட்டுப் புள்ளி, அகலம் பத்து. மூக்கு வைக்க இடமில்லை, தொப்பிக்கு இடமிருந்தது. அண்ணன் முப்பத்தைந்து வருடத்துக் கதையை அச்சுப் பிசகாமல் சொல்லிக்கொண்டே வந்தார். கரையில் மூன்று கல், இடது பக்கம் உடைந்த படி என்று. "இதெல்லாம் நான் சொன்னேனாடா?" என்று இவர் வாயைப் பிளந்தார். படகு மிதந்தது. ஸ்பேஸ் பாரை அழுத்தினால் மாமா துடுப்பைப் பிடிப்பார். விட்டால் படகு தண்ணீரோடு போய்விடும்.

பதினைந்து நிமிடத்தில்தான் சிக்கிக்கொண்டோம். அந்த வசதியில் கடிகாரம் இல்லை. "பாப்பாதான, ஒரு நிமிஷம் வச்சா போதாதா?" என்றேன். "சொன்னது பதினஞ்சு" என்றார் இவர். அண்ணனும், "பதினஞ்சே இருக்கட்டும் தங்கச்சி. அவ உள்ள போறவரைக்கும் அவ பிடிப்பா. அப்புறம் அவ வர்றவரைக்கும் நான் பிடிச்சுக்கறேன்னு சொல்லுவேன்" என்றார். இவர் செல்போனில் நேரம் வைத்துக்கொண்டு, படகுக்காரன் ஒரு நிமிடத்தில் எத்தனை செங்கல் நடக்கிறான் என்று ஆறு முறை அளந்தார். பிறகு திரைக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஏழரை நிமிடம் போகவும் ஏழரை நிமிடம் வரவும் ஒரு பாதையைக் கட்டினார். செங்கல் செங்கலாக, இடுக்கியால் எடைக்கல் எடுப்பது போல. முதல் சோதனையில் படகுக்காரன் திரும்பி வரவில்லை. தேடிப் பார்த்தால், எங்கோ ஒரு செங்கல் ஒரு புள்ளி துருத்திக்கொண்டு அவனை மறித்திருந்தது. இரண்டாவது முறையும் வரவில்லை. அப்போது இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்ட விதத்தைக் கேட்டால் எட்டாம் வகுப்பு என்றுதான் நினைப்பீர்கள்.

இடையில் இவர் அந்தப் பக்கத்தில் தன் வாக்குமூலத்தையும் போட்டார். அண்ணன் வேண்டாம் என்று தடுத்தும் கேட்கவில்லை. 'படகுக்காரனைப் புனைந்தவன் நான், இப்போது கட்டிக்கொண்டிருப்பவனும் நான். என் நண்பன் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை' என்று இரண்டே வரி. முதல் பதில், மாத்திரை போட்டீர்களா என்று கேட்டவனிடமிருந்து வந்தது: 'அங்கிள், கட்டி முடித்ததும் எங்களுக்கும் அனுப்புங்கள்.'

ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மூன்றாவது சோதனை. ஆறரைக்கு அண்ணனுக்கு ரயில். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, "நீ உக்காருடா. உன் டைம்" என்றார். அண்ணன் எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பு இரண்டையும் சரியாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். படகுக்காரன் துடுப்பை நீட்டினான். அண்ணன் ஸ்பேஸ் பாரை அழுத்தினார். படகுக்காரன் உடைந்த படியில் ஏறி, மேலே போய் மறைந்தான். மாமா மட்டும் துடுப்போடு நின்றார்.

ஆறாவது நிமிடம் அண்ணனுக்கு விரல் மரத்துவிட்டது. இவர் தன் விரலை அவர் விரலுக்குப் பக்கத்தில் வைத்து, நன்றாக அழுத்திய பிறகுதான் அவர் எடுத்தார். பத்தாவது நிமிடம் நான் வாங்கிக்கொண்டேன். இரண்டு பேரும் டீக் கோப்பையோடு பால்கனிக்குப் போனார்கள். வாத்தியார் மணியை ஆட்டுவது போல இவர் ஏதோ செய்து காட்ட, அண்ணன் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இவர் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. விளக்கு மாமா மாதிரி வருமா என்று இனிமேல் சொன்னால் ஒப்புக்கொள்ளலாம் என்று தோன்றியது.

பதினான்கு நிமிடம் ஆயிற்று. அவர்களிடம் சொல்லாமல் நான் ஒரு வேலை செய்திருந்தேன். திரும்பி வரும்போது மட்டும் படகுக்காரனின் தொப்பி மேல் ஒரே ஒரு மஞ்சள் புள்ளி வைத்திருந்தேன், கொஞ்சம் வெயில் ஒட்டிக்கொண்டு வரட்டும் என்று. பதினைந்து ஆயிற்று. படியில் யாரும் இல்லை. எந்தச் செங்கல் துருத்திக்கொண்டு நிற்கிறதோ, வியாழக்கிழமைக்குள் இனி எப்போது கட்டுவது, அந்தப் பெண் என்ன சொல்லுவாளோ என்று மனம் ஓடியது. விரலை இன்னும் அழுத்திக்கொண்டேன்.

அப்போது மஞ்சளாக ஒன்று தெரிந்தது. எழுந்து ஓட முடியாது, விரலை எடுத்தால் படகு போய்விடும். உட்கார்ந்த இடத்திலிருந்தே, "என்னங்க! அண்ணா! வந்துட்டான், வந்துட்டான்!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது. பால்கனியில் கோப்பை ஒன்று உருளும் சத்தம், இரண்டு பேரும் ஓடி வரும் சத்தம். திரையின் உச்சியிலிருந்து அந்த மஞ்சள் புள்ளி ஒவ்வொரு படியாக இறங்கி வந்துகொண்டிருந்தது.